சொந்தத் தொழிலில் முதல் வருடம்: வருமான வரியும் மருத்துவக் காப்பீடும்

சொந்தமாகத் தொழில் செய்யப்போகிறேன் என்று யார் வந்து சொன்னாலும் நான் முதலில் கேட்பது, ராஜினாமாக் கடிதம் கொடுத்தாயிற்றா என்பதுதான். இன்னும் கொடுக்கவில்லை என்றால் எனக்கு நிம்மதி. கீழே சொல்லப்போகும் வேலைகளில் மிக முக்கியமானதைச் சம்பளத்தில் இருக்கும்போதே முடித்துவிடலாம்.

சம்பளக்காரருக்குக் கம்பெனியே வரியைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. ஆஸ்பத்திரிச் செலவுக்குக் குரூப் பாலிசி இருக்கிறது. வெளியே வந்த நாளிலிருந்து இரண்டும் நம் தலையில். தமிழ்நாட்டில் மென்பொருள், டிசைன், கன்சல்டிங், சினிமா என்று தனியாளாகத் தொழில் தொடங்குபவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். வரிக் கணக்குகள் 2025-26 நிதியாண்டுக்கானவை.

முதல் படி: வேலையை விடுவதற்கு முன்பே பாலிசி

கம்பெனியின் குரூப் பாலிசி பெரும்பாலும் கடைசி வேலைநாளோடு முடிந்துவிடும். அதில் பெற்றோரைச் சேர்த்திருந்தால் அவர்களுக்கும் அன்றோடு சரி. புதிதாக எடுக்கும் தனிநபர் பாலிசியிலோ முதல் 30 நாள் விபத்தைத் தவிர வேறு எதற்கும் பணம் வராது. கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்ற சிகிச்சைகளுக்குப் பல பாலிசிகளில் 2 வருடம் காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே சுகரோ பிபியோ இருந்தால் அது சார்ந்த சிகிச்சைக்கு அதிகபட்சம் 36 மாதக் காத்திருப்பு. 2024 ஏப்ரலுக்கு முன் இது 48 மாதமாக இருந்தது. இந்தக் கடிகாரம் பாலிசி எடுத்த நாளில்தான் ஓடத் தொடங்கும். அதனால் வேலையை விட நினைக்கும் நாளுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே சொந்தப் பாலிசி கையில் இருக்கட்டும்.

இன்னொரு வழியும் உண்டு, பலருக்கு அது தெரிவதில்லை. குரூப் பாலிசி கொடுத்த அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ளக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதி இடம் தருகிறது. குரூப்பில் தொடர்ந்து இருந்த காலம் காத்திருப்புக் கணக்கில் கழியும். உங்கள் உடல்நிலையைப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்வார்கள்; புதுப் பிரீமியமும் கட்ட வேண்டும். ஆனாலும் வீட்டில் யாருக்காவது நாள்பட்ட நோய் இருந்தால் இது பெரிய உதவி. எச்ஆரிடம் பாலிசி எண்ணையும் காப்பீட்டு நிறுவனத்தின் தொடர்பையும் கேட்டு வாங்கி, வேலையில் இருக்கும்போதே எழுத்தில் விண்ணப்பியுங்கள்.

இரண்டாம் படி: நீங்கள் எந்தப் பிரிவு என்று தெரிந்துகொள்ளுங்கள்

சிறிய அளவில் தொழில் செய்பவர்கள் ஒவ்வொரு பில்லையும் சேர்த்து லாப நட்டக் கணக்குப் போட வேண்டியதில்லை. அனுமான வரி முறை என்று ஒன்று இருக்கிறது. டாக்டர், வக்கீல், இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், கணக்காளர், தொழில்நுட்ப ஆலோசகர், உள்அலங்காரம் செய்பவர் ஆகியோருக்கு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவு. ஐடி துறையினரும் சினிமாக் கலைஞர்களும் இதில் உண்டு. சினிமா என்றால் நடிகர் மட்டும் இல்லை. கேமராமேன், எடிட்டர், பாடகர், பாடலாசிரியர், கதை வசனம் எழுதுபவர், உடை வடிவமைப்பாளர் வரை பட்டியலில் இருக்கிறார்கள்.

இதன்படி வருடத்தின் மொத்த வரவு 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், அதில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். ரொக்கமாக வாங்கியது 5 சதவீதத்துக்குள் இருந்தால் வரம்பு 75 லட்சம். மீதிப் பாதி செலவு என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது. லேப்டாப், வாடகை, இன்டர்நெட் எல்லாம் அதற்குள் அடக்கம். தனியாகக் கழிக்க முடியாது.

கடை, வியாபாரம், சிறு உற்பத்தி என்றால் 44ஏடி. வரம்பு 2 கோடி, ரொக்கம் 5 சதவீதத்துக்குள் என்றால் 3 கோடி. வங்கி வழியாக வந்த விற்பனையில் 6 சதவீதம், ரொக்க விற்பனையில் 8 சதவீதம் வருமானம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது: ஒரு வருடம் இதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அடுத்த ஐந்து வருடங்களுக்குள் ஏதோவொரு வருடம் குறைத்துக் காட்டி வெளியேறினால், அதன்பின் ஐந்து வருடம் திரும்பி வர முடியாது. கமிஷன், புரோக்கரேஜ் வருமானத்துக்கு 44ஏடி கிடையாது.

மொழிபெயர்ப்பு, உள்ளடக்க எழுத்து, பயிற்சி வகுப்பு போன்றவை பட்டியலில் நேரடியாகப் பெயர் சொல்லப்படாதவை. எந்தப் பிரிவில் வைப்பது என்பதைத் தொடக்கத்திலேயே ஓர் ஆடிட்டரிடம் கட்டணம் கொடுத்துக் கேட்டுவிடுங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடப்புக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. அதில் அனுமான வரி முறை பிரிவு 58இல் இருக்கிறது. உள்ளடக்கம் ஏறத்தாழ அதேதான்.

மூன்றாம் படி: வரியைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள்

புதிய வரி முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த நான்கு லட்சத்துக்கு 5 சதவீதம், அதற்கடுத்த நான்குக்கு 10, பிறகு 15, 20, 25 என்று ஒவ்வொரு நான்கு லட்சத்துக்கும் ஏறி, 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம். வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாவிட்டால் 87ஏ தள்ளுபடியால் வரியே இல்லாமல் போகும். பங்கு விற்ற லாபம் போலத் தனி விகிதத்தில் வரி விதிக்கப்படும் வருமானத்துக்கு இந்தத் தள்ளுபடி பொருந்தாது. சம்பளக்காரருக்குக் கிடைக்கும் 75,000 ரூபாய் நிலைக் கழிவும் நம் தொழில் வருமானத்துக்கு இல்லை.

கோவையில் ஒரு மென்பொருள் ஃப்ரீலான்ஸர் வருடத்துக்கு 18 லட்சம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 44ஏடிஏ படி வருமானம் 9 லட்சம். புதிய முறையில் வரி பூஜ்யம். அவரே, கழிவுகள் அதிகம் உள்ள பழைய முறைக்குப் போய், பிஎஃப், எல்ஐசி போன்ற சேமிப்புக்கான 80சியில் ஒன்றரை லட்சம், மருத்துவக் காப்பீட்டுக்கான 80டியில் தனக்கு 25,000, அறுபது வயது தாண்டிய பெற்றோருக்கு 50,000 என்று முழுதாகக் கழித்தாலும் மிஞ்சுவது 6.75 லட்சம். அதற்கு வரி 47,500, செஸ் சேர்த்து 49,400 ரூபாய்.

இந்தக் கணக்கை ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள் என்று நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. "80டி கிடைக்கும் சார், மார்ச்சுக்குள்ள எடுத்துடுங்க" என்று சொல்லி விற்கப்படும் பாலிசிகள் ஏராளம். புதிய முறையில் 80டி கழிவே கிடையாது. நம்மைப் போன்ற பெரும்பாலோருக்குப் புதிய முறைதான் லாபம் என்னும்போது, பிரீமியத்தால் வரி குறையும் என்ற பேச்சுக்கு இடமே இல்லை. நம் சொந்த மருத்துவப் பிரீமியத்தைத் தொழில் செலவாகவும் எழுத முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் எது உதவும் என்பதை மட்டும் பார்த்துப் பாலிசியைத் தேர்ந்தெடுங்கள்.

வீட்டுக் கடன் வட்டி பெரிதாக இருப்பது போன்ற காரணத்தால் பழைய முறைதான் லாபம் என்று கணக்கு சொன்னால், ரிட்டர்ன் கெடுவுக்குள் படிவம் 10-ஐஇஏ கொடுக்க வேண்டும். தொழில் வருமானம் உள்ளவர் பழைய முறைக்குப் போய்ப் புதியதற்குத் திரும்பிவிட்டால், தொழில் வருமானம் இருக்கும்வரை மறுபடி பழையதற்குப் போக முடியாது. சம்பளக்காரரைப் போல வருடத்துக்கு வருடம் மாற்றிக்கொள்ளும் வசதி நமக்கு இல்லை. பழைய முறையில் இருப்பவர்கள் பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டக் கூடாது, கழிவு போய்விடும். காப்பீடே இல்லாத மூத்த குடிமக்களான பெற்றோரின் மருந்து, சிகிச்சைச் செலவையும் 50,000 வரை கழிக்கலாம் என்பது பலர் விட்டுவிடும் சலுகை.

நான்காம் படி: வரும் பணத்தில் வரியையும் பிரீமியத்தையும் உடனே பிரித்துவிடுங்கள்

தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு. வாடிக்கையாளர் பணம் எல்லாம் அதில்தான் விழ வேண்டும். அதிலிருந்து வரிக்கு ஒரு பங்கு, பிரீமியத்துக்கு ஒரு பங்கு வேறொரு சேமிப்புக் கணக்குக்குப் போன பிறகுதான் வீட்டுச் செலவு.

வரிக்கு எவ்வளவு? 44ஏடிஏ, புதிய முறை, வேறு வருமானம் இல்லை என்றால் கணக்கு எளிது. வரவு 24 லட்சம் வரை வரி இல்லை. 30 லட்சம் வரவுக்கு 1,09,200. 40 லட்சத்துக்கு 2,08,000. 50 லட்சத்துக்கு 3,43,200. அதாவது 50 லட்சத்திலும் வரவில் 7 சதவீதத்தைத் தாண்டவில்லை. ஒவ்வொரு பணம் வரும்போதும் 7 சதவீதத்தை ஒதுக்கிவிட்டால் மார்ச்சில் யாரிடமும் கைமாற்றுக் கேட்க வேண்டாம்.

பிரீமியத்துக்கு, வருடத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து ஓர் ஆர்டி போடுங்கள். புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பு முதிரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே தேதியும் முக்கியம். டிடிஎஸ் (பணம் தருபவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) போக வருட வரி 10,000 ரூபாயைத் தொட்டால், வருடம் முடியும் முன்பே அட்வான்ஸ் டேக்ஸ் கட்ட வேண்டும். மற்றவர்களுக்கு அது ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 என்று நான்கு தவணை. அனுமான வரி முறையில் இருக்கும் நமக்கு மார்ச் 15க்குள் மொத்தமும் ஒரே தவணை. கட்டத் தவறினால் மாதம் 1 சதவீதம் வட்டி. வரி முழுக்க மார்ச்சில் வந்து விழும்போது பாலிசி புதுப்பிப்பும் அதே மாதத்தில் வந்தால் மூச்சு முட்டும். அதனால் பாலிசியை ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் தொடங்குங்கள். வருடாவருடம் புதுப்பிப்பும் அந்த மாதத்திலேயே நின்றுவிடும்.

வேலையை விட்ட வருடத்துக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை சம்பளம் 7.75 லட்சம், நிலைக் கழிவு போக 7 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி அதை மட்டும் பார்த்து, 12 லட்சத்துக்குள்தானே என்று வரி பிடிக்காமல் விட்டிருக்கலாம். அக்டோபர் முதல் மார்ச் வரை தொழில் வரவு 14 லட்சம், அதில் பாதி 7 லட்சம். கூட்டினால் 14 லட்சம். வரி 93,600 ரூபாய். இது வரப்போவதாக யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். தொழில் வரவை மட்டும் பார்த்து வரி இல்லை என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள்.

ஐந்தாம் படி: டிடிஎஸ்

உள்நாட்டு நிறுவனங்கள் தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதமும், தொழில்நுட்பச் சேவை என்று வகைப்படுத்தினால் 2 சதவீதமும் பிடித்துக்கொண்டு தருவார்கள். வருடத்துக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் பிடிப்பு. பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போய்விடும். ஒவ்வொரு இன்வாய்ஸிலும் பான் இருக்கட்டும்.

மேலே சொன்ன கோவைக்காரரின் 18 லட்சத்தில் 12 லட்சம் உள்நாட்டிலிருந்து வந்திருந்தால் 1.2 லட்சம் பிடிபட்டிருக்கும். அவருக்கு வரியே இல்லை, ஆகவே முழுதும் ரீஃபண்ட். ரிட்டர்ன் போட்டால்தான் வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் பிடித்த வரியையும் வரவுகளையும் காட்டும் 26ஏஎஸ், ஏஐஎஸ் இரண்டையும் திறந்து, பிடித்ததாகச் சொன்ன தொகை உங்கள் பானில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் அந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு உடனே மின்னஞ்சல் அனுப்புங்கள். வருடம் முடிந்த பிறகு துரத்துவது கடினம்.

வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் டிடிஎஸ் பிடிப்பதில்லை. முழுப் பணமும் கையில் வருவதால் முழுதும் நம்முடையது போலத் தோன்றும். 7 சதவீத ஒதுக்கீடு மிக அவசியமானது இவர்களுக்குத்தான்.

ஜிஎஸ்டி, தொழில் வரி

சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். ஏற்றுமதிச் சேவையும் இந்த 20 லட்சத்தில் சேரும். பதிவுக்குப் பின், வெளிநாட்டு வேலைக்கு எல்யுடி என்ற உறுதிமொழியை ஒவ்வொரு நிதியாண்டும் கொடுத்துவிட்டால் வரி வசூலிக்காமல் பில் போடலாம். உள்நாட்டு பில்லில் பெரும்பாலான சேவைகளுக்கு 18 சதவீதம். அந்தப் பணம் அரசுடையது. வந்த அன்றே தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி வசூலிக்கும் தொழில் வரி தனி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டுவது, வருடத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகாது. சுயதொழில் செய்பவருக்கும் உண்டு.

பாலிசியில் எதைப் பார்ப்பது

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. அதற்கு முன் 18 சதவீதம் கட்டிக்கொண்டிருந்தோம். பழைய விலைப்பட்டியலை வைத்து யாராவது பேசினால் புதியதைக் கேளுங்கள்.

பிரீமியத்தைவிட முதலில் அறை வாடகை வரம்பைப் பாருங்கள். பாலிசி ஒரு நாளுக்கு 5,000 என்கிறது, நீங்கள் 10,000 ரூபாய் அறையில் சேர்கிறீர்கள். உங்களுக்கு வெட்டு அந்த 5,000 வித்தியாசத்தோடு நிற்காது. டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் போன்றவையும் அதே விகிதத்தில் பாதியாகும். அவை 1.2 லட்சம் என்றால் 60,000 உங்கள் கையிலிருந்து. அறை வரம்பு இல்லாத பாலிசிக்கு ஆண்டுக்குச் சில ஆயிரம் கூடுதல் கேட்டாலும் கொடுக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. அடுத்து இணைப்பங்கு: ஒவ்வொரு க்ளெய்மிலும் 10 அல்லது 20 சதவீதம் நீங்கள் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள்.

செலவைக் குறைக்க நல்ல வழி, 5 லட்சத்துக்கு அடிப்படைப் பாலிசியும் அதன்மேல் ஒரு சூப்பர் டாப்-அப்பும். டாப்-அப்புக்கும் சூப்பர் டாப்-அப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். ஒரே வருடத்தில் இரண்டு முறை தலா 4 லட்சம் செலவாகிறது. அடிப்படைப் பாலிசி 5 லட்சம் தரும். 3 லட்சம் குறையும். 5 லட்சத்துக்கு மேல்தான் தருவேன் என்னும் சாதாரண டாப்-அப், தனித்தனியாக எதுவும் 5 லட்சத்தைத் தாண்டாததால் ஒன்றும் தராது. சூப்பர் டாப்-அப் இரண்டையும் கூட்டிப் பார்த்து அந்த 3 லட்சத்தைத் தரும்.

பெற்றோரை உங்கள் குடும்பப் பாலிசியில் சேர்க்காதீர்கள். மூத்தவரின் வயதை வைத்துத்தான் மொத்தப் பிரீமியமும் போடுவார்கள். அவர்களுக்குத் தனிப் பாலிசி. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு, ஐஆர்டிஏஐயிடம் கலந்து பேசாமல் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் பிரீமியத்தை ஏற்றக் கூடாது என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருக்கிறது.

விண்ணப்பப் படிவத்தை நீங்களே நிரப்புங்கள். சுகர், பிபி, பழைய ஆபரேஷன், சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் எழுதுங்கள். "அதெல்லாம் போட வேண்டாம்" என்று முகவர் சொன்னால் வேறு முகவரைப் பாருங்கள். க்ளெய்ம் மறுப்புக்கு மறைத்த நோயே வலுவான காரணமாகிவிடும். 60 மாதம் தொடர்ந்து பாலிசி ஓடிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, மறைத்ததாகச் சொல்லி மறுக்க முடியாது. அந்த ஐந்து வருடத் தொடர்ச்சிக்காகவே புதுப்பிப்பைத் தவறவிடக் கூடாது. பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் படித்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். பிற்காலத்தில் வேறு நிறுவனத்துக்கு மாற நினைத்தால், புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

இன்னொன்று நம் போன்றவர்களுக்கே உரியது. மருத்துவக் காப்பீடு ஆஸ்பத்திரி பில்லை மட்டும் கொடுக்கும். படுக்கையில் கிடக்கும் இரண்டு மாதத்துக்குச் சம்பள விடுப்பு நமக்கு இல்லை. ஆறு மாத வீட்டுச் செலவு வைப்பு நிதியில் இருக்கட்டும். தற்காலிகமாக வேலை செய்ய முடியாத வாரங்களுக்குப் பணம் தரும் தனிநபர் விபத்துக் காப்பீடும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்தில் வருமானம் மிகக் குறைவு, குடும்ப ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை காப்பு உண்டு. வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போங்கள். சாலை விபத்து என்றால், நம்மைக் காக்கும் 48 திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் ஒரு வரம்பு வரை, வருமானம் பார்க்காமல் இலவசம்.

ரிட்டர்ன்

அனுமான வரி முறைக்கு ரிட்டர்ன் படிவம் ஐடிஆர்-4. மொத்த வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினாலோ, வெளிநாட்டில் கணக்கோ பங்கோ இருந்தாலோ அது பொருந்தாது. ஐடிஆர்-3 போட வேண்டும். பழைய கம்பெனி கொடுத்த அமெரிக்கப் பங்குகளை வைத்திருக்கும் ஐடிக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். போட்ட 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி வழியாகச் சரிபார்த்துவிடுங்கள். இல்லையேல் போட்டதாகவே கொள்ள மாட்டார்கள்.

க்ளெய்ம் மறுக்கப்பட்டால்

மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். எந்த நிபந்தனையின்படி மறுக்கிறார்கள் என்று அதில் இருக்க வேண்டும். முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி இல்லை என்றாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அவர் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை எடுப்பார்கள். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டியதில்லை. நிறுவனம் மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள், மறுப்புக் கடிதம், நீங்கள் நிரப்பிய விண்ணப்பப் படிவத்தின் நகல் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். அந்தப் படிவ நகலை இன்றே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம்.